அகமத்நகரில் பிறக்காத பெண்

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில், மவுண்ட் ராயல் கல்லறைத் தோட்டத்தில் அன்னா லியோனோவென்ஸின் கல் இருக்கிறது. 1915 ஜனவரியில் இறந்தவர். அந்தக் கல் அவரை மேஜர் தாமஸ் லார்ன் லியோனோவென்ஸின் அன்பு மனைவி என்கிறது. அப்படி ஒரு மேஜர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்ததே இல்லை. அன்னாவின் கணவர் பெயர் தாமஸ் லியோன் ஓவன்ஸ். குமாஸ்தா. இந்தியாவில் குமாஸ்தா வேலை பார்த்தார், மேற்கு ஆஸ்திரேலியாவில் கைதிகள் முகாம் ஒன்றில் கணக்கு எழுதினார், கடைசியில் பினாங்கில் ஒரு ஹோட்டலைக் கவனித்துக்கொண்டிருந்தபோது 1859-இல் போய்ச் சேர்ந்தார். அன்னா ஊருக்குச் சொன்ன கதையில் இதே மனிதர் சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய், வெயில் தாக்கி இறந்த ராணுவ அதிகாரி. நடுப்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் இருந்த ஸ்பேஸை எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டினால் லியோனோவென்ஸ். தேடினால் வேறு யாரும் கிடைக்காத பெயர். யூனிக் ஐடி மாதிரி.

பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் கதை தெரிந்திருக்கும். மொட்டைத் தலையோடு யுல் பிரைனர் சயாம் ராஜாவாக வரும் ‘தி கிங் அண்ட் ஐ’ படம், 1956. அதற்கு முன்னால் 1951-இல் அதே பெயரில் பிராட்வே இசை நாடகம். அதற்கும் முன்னால் 1944-இல் மார்கரெட் லாண்டன் எழுதிய நாவல். எல்லாவற்றுக்கும் வேர் அன்னா 1870-களில் எழுதிய இரண்டு புத்தகங்கள். 1999-இல் ஜோடி ஃபாஸ்டரை வைத்து மறுபடி எடுத்தார்கள். தாய்லாந்து அரசு படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை, மலேசியாவில் போய் எடுத்தார்கள். கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: துணிச்சலான ஆங்கில விதவை ஒருத்தி, முரட்டுக் கிழக்கத்திய ராஜாவின் அரண்மனைக்கு டீச்சராகப் போகிறாள். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் ராஜாவுக்கு நாகரிகமும் கற்றுத் தருகிறாள்.

நமக்குச் சயாம் என்றால் முதலில் மரண ரயில்தான் ஞாபகம் வரும். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் செத்து விழுந்த பாதை. இது அதற்கு எண்பது வருஷம் முந்தைய சயாம்.

அன்னா தன்னைப் பற்றிச் சொன்னது இது: 1834-இல் வேல்ஸில் கார்நார்வன் ஊரில் பிறப்பு. அப்பா ராணுவ கேப்டன், சீக்கியர்களோடு நடந்த மோதலில் வீரமரணம். பதினைந்து வயதில் கப்பலேறி இந்தியா வந்தார். இதை அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்பினார்கள். அறுபது வருஷம் உலகமும் நம்பியது.

அதைப் பிரித்துப் போட்டவர் வரலாற்றாசிரியர் இல்லை, சிலந்தி ஆராய்ச்சியாளர். டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ என்கிற ஆங்கிலேயர். அன்னாவின் மகன் லூயிஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தவர், சும்மா ஒரு சரிபார்ப்புக்காகப் பிறப்புப் பதிவுகளைத் தேடியிருக்கிறார். கார்நார்வனில் அன்னா இல்லை. ராணுவப் பட்டியலில் மேஜர் இல்லை. இந்தியப் பதிவேடுகளுக்குப் போனார். அங்கே எல்லாரும் இருந்தார்கள். 1976-இல் புத்தகம் வந்தது.

பிறந்தது 1831, மகாராஷ்டிரத்து அகமத்நகர். அப்பா தாமஸ் எட்வர்ட்ஸ், லண்டன் பக்கத்தில் மரவேலை பார்த்துவிட்டுக் கம்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜன்ட் ஆனவர். மகள் பிறப்பதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார். அம்மா மேரி ஆன் கிளாஸ்காட், பம்பாய்ப் படையின் ஒரு லெஃப்டினன்டுக்குப் பிறந்தவர். அந்த லெஃப்டினன்டுக்கு அவரைப் பெற்றுக்கொடுத்த பெண்ணின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்துப் பதிவேட்டில் காலி இடம் என்றால் அது ஒரு இந்தியப் பெண், அல்லது பாதி இந்தியப் பெண் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டேட்டாபேஸில் வேலை பார்க்கிறவனாக எனக்கு இது உடனே புரிந்தது. நல் என்பது மதிப்பு இல்லாமை இல்லை, யாரோ நிரப்ப விரும்பாத கட்டம்.

அம்மா மறுமணம் செய்துகொண்டது பாட்ரிக் டொனஹோ என்ற ஐரிஷ் கார்ப்பரலை. பட்டாள லைன் வீடுகளில் வளர்ந்த பெண் அன்னா. ஒரே அறையைத் திரைபோட்டுப் பிரித்துப் பல குடும்பங்கள் இருந்த காலம் அது. சார்ஜன்ட் மகளுக்கே ஆங்கிலச் சமூகத்தில் மரியாதை கிடையாது. அதில் ரத்தம் கலந்தது என்றால் கேட்கவே வேண்டாம். 1790-களிலேயே கம்பெனி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு உயர் பதவிகளின் கதவைச் சாத்திவிட்டது. 1849 கிறிஸ்துமஸ் சமயத்தில் பூனாவில் அன்னாவுக்கும் குமாஸ்தா ஓவன்ஸுக்கும் கல்யாணம். நான்கு பிள்ளைகள், இரண்டு பச்சைக் குழந்தையாகவே இறந்தன. பெர்த் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தப் பார்த்தார், நிலைக்கவில்லை. அப்புறம் சிங்கப்பூர், பினாங்கு. இருபத்தேழு வயதில் கைம்பெண். கையில் அவிஸ், லூயிஸ் என்று இரண்டு குழந்தைகள். சொத்து எதுவும் கிடையாது.

சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. புதுக் கதை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். வேல்ஸ், கேப்டன் அப்பா, மேஜர் கணவர், எல்லாமே. பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்.

ஏன் பொய் சொன்னார் என்று ஒரு தமிழ் வாசகருக்கு நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சென்னையில் வாடகை வீடு தேடும்போது “சொந்த ஊர் எது தம்பி?” என்ற கேள்விக்கு ஊரைச் சொல்லாமல் தாலுகாவைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். “எந்தத் தெரு?” என்று அடுத்து வரும் என்று தெரிந்துதான். அவர்களைப் பொய்யர்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அன்னா மாற்றியது ஊரையும் தெருவையும் கொஞ்சம் பெரிய அளவில். அவ்வளவுதான்.

இதில் தொழில் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அன்னாவின் ஆங்கிலத்தில் குறையே இல்லை. தாய்மொழி. ஆனால் சந்தையில் அவர் விற்க வேண்டியிருந்தது ஆங்கிலத்தை மட்டும் இல்லை, ஆங்கிலேயத்தன்மையை. அகமத்நகர்ப் பட்டாள லைனிலிருந்து வந்த அதே ஆங்கிலத்துக்கு ஒரு சம்பளம், கார்நார்வனிலிருந்து வந்தால் வேறு சம்பளம். இன்றைக்கும் தென் கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியர் விசாவுக்குப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்று ஏழு நாடுகளின் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். மொழியை எவ்வளவு நன்றாகச் சொல்லித் தருவாய் என்பது அடுத்த கேள்வி. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு மாதம் உச்சரிப்பு வகுப்பு நடந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த நண்பன் ஒருவன், கான்வென்ட்டில் படித்து எங்கள் எல்லாரையும்விட நல்ல ஆங்கிலம் பேசுவான், ராத்திரி ஷிஃப்டில் ‘சாம்’ ஆனான். வாடிக்கையாளர் “எங்கிருந்து பேசுகிறாய்?” என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அவன் அம்மாவிடம் போனில் பேசும்போதே குரல் லேசாக மாறியிருந்தது.

சரி, பாங்காக்.

1862-இல் சிங்கப்பூரில் சயாமின் கான்சலாக இருந்தவர் டான் கிம் சிங் என்ற சீன வணிகர். சயாம் மன்னர் மோங்குட்டுக்கு ஒரு ஆங்கில ஆசிரியை தேவை என்று அவர் மூலம் அன்னாவுக்கு அழைப்பு வந்தது. சம்பளம் மாதம் நூறு டாலர். அவிஸை இங்கிலாந்தில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வயசு லூயிஸைக் கையில் பிடித்துக்கொண்டு மார்ச் மாதம் பாங்காக் போய் இறங்கினார்.

மோங்குட்டை யுல் பிரைனர் முகத்தோடு நினைத்துக்கொள்வதுதான் நமக்குள்ள பெரிய சிக்கல். மேடையில் வெறுங்காலோடு குதிக்கிற, ‘எட்செட்ரா, எட்செட்ரா’ என்று கத்துகிற அந்த ஆளை மறந்துவிடுங்கள். நிஜ மோங்குட் ராஜாவாகும் முன் இருபத்தேழு வருஷம் பிக்குவாக இருந்தவர். பாலி அறிஞர். சயாமின் புத்த சங்கத்தைச் சீர்திருத்த ஒரு தனிப் பிரிவையே உருவாக்கியவர். பிஷப் பல்லெகுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் லத்தீன் கற்றுக்கொண்டார். பதிலுக்கு அவருக்குப் பாலி சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க மிஷனரிகளிடம் ஆங்கிலம். 1851-இல் பட்டத்துக்கு வந்தபோது வயது நாற்பத்தாறு. அவருடைய எண்பத்திரண்டு பிள்ளைகளில் இரண்டு பேர் தவிர எல்லாருமே அதற்குப் பிறகு பிறந்தவர்கள். நினைத்தால் தலை சுற்றுகிறது, ஆனால் அந்த மண்ணில் அரசியல் கூட்டணி என்பது பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்தான் நடந்தது.

ஆங்கிலம் அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. 1852-இல் கீழ் பர்மாவைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். 1859-இல் சைகோன் பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1863-இல் கம்போடியாவும். இரண்டு பக்கமும் வாய் திறந்து நிற்கும் முதலைகள், நடுவில் சயாம். 1855-இல் பிரிட்டனோடு போட்ட பௌரிங் ஒப்பந்தத்தில் வர்த்தக உரிமைகளை விட்டுக்கொடுத்தாவது நாட்டைக் காப்பாற்ற வேண்டிய நிலை. அடுத்த கட்டத்தை, ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தையும் படிக்கத் தெரிந்த ஒரு மகன்தான் தாண்டுவான் என்று மோங்குட் கணக்குப் போட்டார். அன்னா வருவதற்கு முன்பே, 1861-இல், அவர் அமெரிக்க ஜனாதிபதிக்குத் தானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, உங்கள் காடுகளில் விட்டு வளர்க்க யானைகள் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று பதவிக்கு வந்திருந்த லிங்கன் மரியாதையாகப் பதில் எழுதினார்.

அரண்மனைப் பெண்களுக்கு அதற்கு முன்பு மிஷனரிகளின் மனைவிகள் பாடம் நடத்தினார்கள். அவர்கள் இலக்கணத்தோடு ஏசுவையும் சேர்த்து நடத்தவே மோங்குட் நிறுத்திவிட்டார். அதனால் அன்னாவுக்கு எழுதிய கடிதத்திலேயே தெளிவாகச் சொன்னார்: ஆங்கில மொழி, அறிவியல், இலக்கியம் போதும், மதமாற்றம் வேண்டாம். ஒரு கிழக்கத்திய ‘காட்டுமிராண்டி’ ராஜா தன் பிள்ளைகளுக்கு மதச்சார்பற்ற பாடத்திட்டம் கேட்கிறார். இந்தக் கடிதத்தை எந்தப் பாட்டிலும் வைக்கவில்லை.

ஐந்து வருஷம் பாடம் நடத்தினார் அன்னா. மாணவர்களில் ஒருவன் எட்டு வயது சூலலங்கோர்ன், பட்டத்துக்கு உரியவன். உள் அரண்மனை ஒரு முழு ஊர். பெண்களும் குழந்தைகளும் மட்டும் வாழ்ந்த ஊர், காவலுக்கும் பெண்கள்தான். அங்கே தினமும் போய்வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் அன்னாதான். ராஜாவின் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்துக்கும் உதவினார். அரண்மனைக்கு வெளியே தனி வீடு வேண்டும், சம்பளம் கூட்ட வேண்டும் என்று சண்டை போட்டார். சோன் கிளின் என்ற அரண்மனைப் பெண் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ படித்துவிட்டு அதை எழுதியவரின் பெயரையே தன் கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார் என்று அன்னா எழுதுகிறார். இப்படியான இடங்களில் அவர் எழுத்து உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

1867-இல் உடல்நலக் குறைவால் விடுப்பில் கிளம்பினார். திரும்பிவரப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே மோங்குட் இறந்துவிட்டார். சினிமாவில் ராஜா சாகும்போது அன்னா கட்டில் பக்கத்தில் இருப்பார். நிஜத்தில் அவர் சயாமிலேயே இல்லை. ராஜாவின் நிஜச் சாவு சினிமாவைவிடப் பெரியது. 1868 ஆகஸ்ட் 18-இல் முழு சூரிய கிரகணம். அது எங்கே, எப்போது முழுமையாகத் தெரியும் என்று மோங்குட் தானே கணக்கிட்டு, வா கோ என்ற கடலோரச் சதுப்புக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் சிங்கப்பூர் கவர்னரையும் அங்கே விருந்துக்கு அழைத்தார். கணக்கு சரியாக இருந்தது. அன்று அதே நிழல் நம் பக்கம் குண்டூர் மேலும் கடந்து போனது. ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அங்கே உட்கார்ந்து சூரிய விளிம்பின் ஒளியை அலசியதிலிருந்துதான் ஹீலியத்தின் கதை தொடங்குகிறது. மோங்குட்டுக்கு அந்தச் சதுப்பு நிலம் மலேரியாவைக் கொடுத்தது. அக்டோபரில் இறந்தார். கூடப் போன பதினைந்து வயது சூலலங்கோர்னுக்கும் காய்ச்சல், பிழைத்துக்கொண்டான். புது ராஜா டீச்சருக்கு அன்பாக ஒரு நன்றிக் கடிதம் எழுதினான். திரும்பி வாருங்கள் என்று மட்டும் எழுதவில்லை.

வேலை போச்சு. அமெரிக்காவுக்குப் போனார், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பள்ளி திறந்தார், எழுதத் தொடங்கினார். 1870-இல் சயாம் அரசவை ஆங்கில ஆசிரியையின் நினைவுகள் வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப்புரத்துக் கதைகள். இங்கேதான் எனக்கு அவரோடு தகராறு.

இரண்டாவது புத்தகத்தில் துப்திம் என்ற இளம்பெண்ணின் கதை வருகிறது. அந்தப்புரத்திலிருந்து தப்பி ஒரு பிக்குவோடு இருந்தாள் என்பதற்காக ராஜா அவளையும் அவனையும் சித்திரவதை செய்து, எல்லாரும் பார்க்க உயிரோடு எரித்தான் என்கிறார். நிலத்தடிச் சிறைகள் பற்றியும் எழுதுகிறார். பாங்காக்கில் நிலத்தடிச் சிறை! இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வருகிற சேற்று ஊர் அது. அப்படி ஒரு எரிப்பு நடந்திருந்தால் ஊரில் இருந்த மிஷனரிகள், கான்சல்கள், வணிகர்கள் யாராவது ஒரு வரி எழுதியிருப்பார்கள்; யாரும் எழுதவில்லை. மோங்குட்டோ, விரும்பினால் அரண்மனைப் பெண்கள் வெளியேறி வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளலாம் என்று ஆணையே போட்டவர். 1948-இல் சேனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் என்ற சகோதரர்கள், இருவருமே தாய்லாந்தின் பிரதமர்களாக இருந்தவர்கள், இதற்குப் பதிலாக மோங்குட்டின் சொந்த எழுத்துகளைத் தொகுத்தார்கள். யார் படித்தார்கள்? அதற்கு மூன்றே வருஷத்தில் பிராட்வேயில் பாட்டு வந்துவிட்டது.

சயாமில் கொடுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கடனுக்கு அடிமையாகிறவர்கள், அடிமைக்குப் பிறந்த அடிமைகள் எல்லாரும் இருந்தார்கள். சூலலங்கோர்ன் 1874-இல் தொடங்கி 1905 வரை படிப்படியாக அதை ஒழித்தார். என் வகுப்பில் விழுந்த விதை என்று அன்னா அதற்குச் சொந்தம் கொண்டாடினார். ஐந்து வருஷ ஸ்பெல்லிங் வகுப்புக்கு அது கொஞ்சம் அதிகப்படியான கிரெடிட். ஆனால் அடிமைப் பெண்களைப் பற்றி அவருக்கு இருந்த கோபம் பொய்யில்லை. ஒரு காலி இடமாக எழுதப்பட்ட பாட்டியின் பேத்திக்கு அந்தப்புரத்தைப் பார்த்தால் கோபம் வராதா?

பிறப்பைப் பற்றிய பொய்யை மன்னித்துவிட்டு, எரிப்புக் கதையை மன்னிக்காமல் விடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் பிரித்து வைத்தேன். முதலாவது அவர் வயிற்றுக்கு, இரண்டாவது அடுத்தவன் பெயரைக் கெடுத்தது. ஆனால் யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. 1870-இல் நியூயார்க்கில் ‘ஆங்கிலச் சீமாட்டி’யாக நிற்க வேண்டுமென்றால் வேல்ஸ் பிறப்புச் சான்று மட்டும் போதாது, ஒரு ஆங்கிலச் சீமாட்டி கிழக்கை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்கவும் வேண்டும். மூக்கைச் சுளிக்க வேண்டிய இடத்தில் சுளிக்க வேண்டும். உண்மையான வேல்ஸ்காரி ஒருத்தி மோங்குட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கக்கூடும். அவளுக்கு நிரூபிக்க ஒன்றும் இல்லை. விலை கொடுத்தது மோங்குட். செத்த மனிதர். நூற்றைம்பது வருஷமாக மேடை மேடையாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்.

அன்னாவும் விலை கொடுத்தார். இந்தியாவில் இருந்த குடும்பத்தோடு தொடர்பை அறவே வெட்டிக்கொண்டார். அக்கா எலைசா இந்தியாவிலேயே ஒரு சார்ஜன்ட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். அந்த எலைசாவின் பேரன் ஒருவன் பெயரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட் போனான். போரிஸ் கார்லாஃப். 1931 ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பிணங்களை ஒட்டித் தைத்த பூதமாக வருவாரே, அவரேதான். குடும்பத்துக்கே முகமூடி ராசி போலிருக்கிறது.

1884-இல் அன்னா இந்தியாவைப் பற்றி ஒரு பயண நூல் வெளியிட்டார், ரயில் வருவதற்கு முந்தைய கால நினைவுகள் என்று. தான் பிறந்த மாகாணத்தில், தான் வளர்ந்த ஊர்களில், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய வெள்ளைக்காரப் பெண்ணாக நடந்து போகிறார். சொந்த ஊருக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைவது. அவர் எழுதியதிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்த விஷயம் இதுதான்.

மகன் லூயிஸ் பெரியவனாகிச் சயாமுக்கே திரும்பிப் போனான். கூடப் படித்த சூலலங்கோர்ன் அவனைக் குதிரைப்படையில் அதிகாரியாக்கினார். பிறகு தேக்கு மர வியாபாரத்தில் இறங்கி, 1905-இல் தன் பெயரில் கம்பெனி ஆரம்பித்தான். அவன் கட்டிக்கொண்ட கரோலின், பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல் நாக்ஸின் மகள். அவள் அம்மா பிராங் யென் சயாம்காரி. கரோலின் 1893-இல் இறந்ததும், ஐந்து வயதும் இரண்டு வயதுமான பிள்ளைகள் இருவரையும் கப்பலேற்றிப் பாட்டியிடம் அனுப்பினார்கள். பாட்டி அப்போது கனடாவில் பெரிய மனுஷி. ஹாலிஃபாக்ஸில் 1887-இல் ஒரு கலைப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தவர். அது இன்றைக்குப் பல்கலைக்கழகமாக நடக்கிறது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். தன் பாட்டியைப் பற்றி வாயே திறக்காதவர், சயாம் பாட்டி கொண்ட அந்த இரண்டு குழந்தைகளையும் வளர்த்து ஆளாக்கினார்.

1897-இல் சூலலங்கோர்ன் லண்டன் வந்தபோது டீச்சரைச் சந்தித்தார். கூட இருந்த பேத்தியின் நினைவுப்படி, என் அப்பாவைப் பற்றி ஏன் அவ்வளவு மோசமாக எழுதினீர்கள் என்று ராஜா கேட்டாராம். அன்னா பின்வாங்கவில்லை, எழுதியது எல்லாம் உண்மை என்றாராம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மகன், அறுபத்தைந்து வயது டீச்சரிடம், அவர் சொல்லிக்கொடுத்த மொழியிலேயே, கேட்ட கேள்வி.

அதற்குப் பிறகு பேத்தியோடு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 1901 வரை தங்கினார். பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் விண்டிஷ் என்ற பேராசிரியரிடம் சமஸ்கிருதமும் பழைய இந்திய இலக்கியமும் படித்தார். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத்தைக் கூட்டிப் படித்து, வேர்ச்சொல் பார்த்து, ஒரு ஜெர்மன்காரரிடம் இந்தியாவைக் கற்றுக்கொண்ட அந்த வகுப்புகளிலும் அவர் கார்நார்வன்காரராகவே உட்கார்ந்திருந்தார்.